ஏழு நிமிஷத்துக்கு ஒரே ஸ்வரம்

ஷூஷான் தலையசைத்துவிட்டாள், நான் ஊத ஆரம்பித்துவிட்டேன், இனி ஏழு நிமிஷத்துக்கு நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான் என் வேலை. ராகத்தை அவள் பார்த்துக்கொள்வாள். அவளுடைய டுடுக் குழல் ஏறும், இறங்கும், விம்மும், குழையும். என்னுடையது ஆணி அடித்த மாதிரி ஒரே ஸ்வரத்தில் நிற்கணும். இந்த ஆர்மீனியாக்காரர்கள் டுடுக்கைத் தனியாக வாசிப்பது இல்லை, ஒருத்தர் பாட்டை வாசித்தால் பக்கத்தில் இன்னொருத்தர் அடிஸ்வரத்தை அறுபடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கணும், அதற்குத் தம் என்று பேர். எங்க பக்கத்துக் கோயிலில் நாயனக்காரருக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவர் நிற்பாரே, அதே சோலிதான். வீட்டில் இதைச் சொன்னபோது தனு அப்பா சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நான் பிரியாணிக்குத் தம் போடுறேன், நீ பாட்டுக்குத் தம் போடப் போறியாக்கும், குடும்பமே தம்முல ஓடுது புள்ள." சிரிக்கட்டும். இந்த யெரெவான் நகரத்தில் டாக்டருக்குப் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் நூற்றுப் பத்துப் பேருக்கு மெஸ்ஸில் பொங்கிப் போடுகிற மனுஷன், இன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மூன்றாவது வரிசையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டையைக்கூட இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மூச்சு நன்றாகத்தான் போகிறது. கன்னத்தில் காற்றைச் சேர்த்து வை, கன்னத்தால் தள்ளு, தள்ளும்போதே மூக்கால் இழு. சேர், தள்ளு, இழு. எதிரே நீள மேஜை, மூன்று பேர். நடுவில் கண்ணாடிக்காரர், அவர்தான் இந்த இசைப்பள்ளிக்குப் பெரியவர். இடது பக்கம் பச்சைச் சால்வை போட்ட அம்மா. வலது பக்கம் பேனாவைத் திருகிக்கொண்டே இருக்கிற ஒரு வாலிபன். இவர்கள் மூன்று பேரும் சரி என்றால் திங்கட்கிழமையிலிருந்து ஷூஷான் இங்கே டுடுக் வாத்தியார். இந்தப் பள்ளியில் இதுவரை பொம்பளை யாரும் டுடுக் சொல்லிக்கொடுத்தது இல்லையாம். என் மூச்சு நடுவில் அறுந்தால், எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ஏனென்றால் தம் விழுந்தால் பாட்டும் விழுந்த கணக்கு. அறுக்க மாட்டேன். உள்ளே வந்ததுமே கண்ணாடிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார், மூக்குத்தியில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். "தம் பிடிக்கப்போவது இந்தப் பெண்ணா?" "ஆமாம்." "எங்கே படித்தாள்?" ஷூஷான் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள், "என் சமையலறையில்." வாலிபன் பேனா திருகுவதை நிறுத்தினான். எனக்குச் சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன், இப்போதும் அதை நினைத்தால் உதடு விரியப் பார்க்கிறது, விரியக் கூடாது, உதடு விரிந்தால் காற்று ஓரத்தில் கசியும்.

ஸ்வரம் ஒரு மயிரிழை கீழே இருக்கிறதா. இருக்கிறது. இல்லை, ஏறிவிட்டது. இது சீவாளியின் வேலை, சீவாளியின் வேலை என்றால் என் வேலை, காலையில் நான் செய்த முட்டாள்தனம். டுடுக்குக்கு வாயில் வைக்கிற சீவாளி பெரிதாக இருக்கும், கட்டைவிரல் அகல நாணல் குழாயைத் தட்டையாக அமுக்கின மாதிரி. காய்ந்து கிடந்தால் வாய் மூடிக்கொள்ளும், ஊத வராது. உள்ளே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு உதறிவிட்டுப் பத்து நிமிஷம் வைத்தால் மெதுவாக வாய் திறக்கும். இரண்டு சொட்டு என்று ஷூஷான் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஆனால் என் கைக்கு ஒரு புத்தி உண்டு, எதையும் நன்றாக ஊறப் போட்டால்தான் நல்லது என்கிற புத்தி. உளுந்து ஊறணும், கடலை ஊறணும், புளி ஊறணும். இன்றைக்கு முக்கியமான நாள், சீவாளியும் நன்றாக ஊறட்டும் என்று டம்ளர் நிறையத் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு தோசை ஊற்றப் போனேன். இவருக்கு நாலு, தனுவுக்கு ஒன்று, அது அரைத் தோசையைத் தின்ன அரை மணி நேரம். திரும்பி வந்து பார்த்தால் மழைத் தவளை மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது சீவாளி. அவ்வளவு திறந்தால் காற்றைக் குடிக்கும், ஸ்வரம் தொங்கும். எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஷூஷான் தலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தவள் பின்னை வாயில் கவ்வியபடியே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "முனா ஜான், சூப் வைத்தாயா இதை?" என்றாள். முனீஸ்வரி என்கிற பேர் இந்த ஊர் வாயில் நுழையவில்லை, முனா ஆகிவிட்டேன், ஜான் என்றால் கண்ணு, செல்லம் என்கிற மாதிரி, காய்கறிக்காரன்கூட ஜான் போடுவான். வேறு சீவாளி மாற்றலாம் என்றால் புதுச் சீவாளி பழக ஒரு வாரம் ஆகும். மரக் கவ்வியால் அதன் வாயை இறுக்கிப் போட்டாள், நடுவில் இருக்கிற வளையத்தை நுனிப் பக்கம் தள்ளினாள், என் கையில் கொடுத்தாள். பஸ்ஸில் நாற்பது நிமிஷம் அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தேன், பக்கத்தில் இருந்த அம்மா கோழிக்குஞ்சா என்று கேட்டாள். இப்போது கவ்வி இல்லை, வளையம்தான் காவல். போகப் போக என் மூச்சின் ஈரத்துக்கு இது இன்னும் திறக்கும். திறந்தால் உதட்டால் அமுக்கிக்கொள்வேன். உதடு வலிக்கும், வலிக்கட்டும். தனுவைப் பெற்ற பதினாறு மணி நேரத்தோடு பார்த்தால் ஏழு நிமிஷம் என்ன பெரிய ஏழு நிமிஷம்.

முதல் சுற்று முடிகிறது, ஷூஷான் கீழே இறங்கி என் ஸ்வரத்தின் மேல் வந்து உட்காருகிறாள், இந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம், அவளுடையதும் என்னுடையதும் ஒன்றாகிற இடம், நெஞ்செலும்பில் ரீங்காரம் தெரியும். இந்தச் சத்தம் முதலில் எங்கள் வீட்டுக்குச் சுவர் வழியாக வரவில்லை, ஹீட்டர் குழாய் வழியாக வந்தது. வந்த புதிதில் தனு தூங்கவே மாட்டாள், எட்டு மாதக் குழந்தை, வெளியே பனி, இவர் மெஸ்ஸுக்குப் போய்விடுவார், நானும் அவளும் அந்த ஒற்றை அறையும். ஒரு நாள் மத்தியானம் மேல்வீட்டிலிருந்து குழாயில் இறங்கி வந்தது இந்த முனகல். சண்டைபோட்டுக்கொண்டிருந்த பிள்ளை அப்படியே காதைக் கொடுத்தாள், கண் சொருகிவிட்டது. அரை மணி நேரத்தில் சத்தம் நின்றது, இவள் எழுந்து வீரிட்டாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவள் என் வயசுக்காரிதான், முகம் சுருங்கிப்போயிருந்தது. சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள், அதற்குமுன் அந்தக் கட்டிடத்தில் நாலு பேர் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். எனக்கு அப்போது இந்தப் பாஷையில் ரொட்டி, தக்காளி, எவ்வளவு, இந்த மூன்றும்தான் தெரியும். அவள் கையில் இருந்த குழலைக் காட்டினேன், பிள்ளையைக் காட்டினேன், ஊது ஊது என்று கையை ஆட்டினேன். அவள் உட்கார்ந்து ஊதினாள், தனு தூங்கினாள், நான் அவள் சமையலறையில் கிடந்த பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். அப்படித்தான் ஆரம்பம். அவளுக்குத் தம் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் வேறு நாட்டுக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். ஒரு நாள் இன்னொரு டுடுக்கை என் கையில் கொடுத்து, சும்மா ஊதிப் பார் என்றாள். எடுத்த எடுப்பில் ஸ்வரம் ஆடாமல் நின்றது. அவள் ஆச்சரியப்பட்டாள், எனக்கு ஆச்சரியம் இல்லை. எங்க அம்மா நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே சத்துணவு சமைத்தவள். மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும், அம்மா என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டு ஊதாங்குழலைக் கையில் கொடுத்துவிடுவாள். கணக்குப் பாடம் பாதி போனது அடுப்படியில்தான், ஆனால் கன்னத்தில் காற்று சேர்க்கப் படித்தது அங்கேதான். மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் விடுகிற வித்தைதான் வரவில்லை. அதற்கு ஷூஷான் ஒரு டம்ளர் தண்ணீரும் உறிஞ்சு குழலும் கொடுத்தாள், தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டே இரு, குமிழி நிற்காமல் மூச்சு இழு. மூன்று வாரம் தண்ணீர் மூக்கில் ஏறித் தும்மினேன். தனு கைதட்டிச் சிரிப்பாள், அம்மா புளுபுளு என்பாள். ஒரு நாள் சோறு கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டே, சும்மா, எதையும் நினைக்காமல் குமிழி விட்டுக்கொண்டிருந்தேன், உலை பொங்கி, கஞ்சி வடித்து, அதுவரை குமிழி நிற்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாம் சுற்று. வலது மூக்கு அடைக்கிறது. அடைக்கட்டும், இடது இருக்கிறது, போன வாரச் சளி, மிளகு ரசம் வைத்துக் குடித்தும் ஒரு துளி பாக்கி. மூன்று பேரைக் கேட்டாள் ஷூஷான், தம் பிடிக்க வாருங்கள் என்று, மூன்று ஆம்பிளைகளுக்கும் ஒரே வாரத்தில் பல்வலி. டேப்பில் போட்டுக்கொள்ளக் கூடாது, ஆள்தான் உட்காரணும், அது பள்ளி விதி. நான்தான் சொன்னேன், எனக்குப் பல்லெல்லாம் நன்றாக இருக்கிறது என்று. இவர் அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "அதுல ஒன் பேரு எங்கயாச்சும் வருமா?" "வராது." "பாட்டு ஒனக்கா?" "இல்லங்க, எனக்கு ஒரே ஸ்வரம்." "அப்ப எதுக்கு புள்ள இந்தப் பாடு, ஒருத்திக்கு ஒத்து ஊதவா கடல் தாண்டி வந்தோம்?" டம்ளரில் ரசம் ஊற்றி அவர் பக்கம் தள்ளினேன். பிறகு, "நீங்க சோறு போடுற பிள்ளைங்க டாக்டர் ஆனா ஒங்க பேரையா பலகையில எழுதப் போறாங்க" என்றேன். ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார், மறுநாள் லீவு கேட்டுவிட்டு வந்தார். நல்ல மனுஷன். பிள்ளையை ஒழுங்காகப் பிடித்திருக்கிறாரா, தனு நெளிகிறது, ஓரக்கண்ணில் மஞ்சள் கவுன் ஏறி ஏறி இறங்குகிறது. வரும்போது தண்ணீர் நிறையக் குடித்தது. அது அம்மா என்று கூப்பிட்டுவிடக் கூடாது, அதுதான் பயம், சீவாளி இல்லை, மூக்கு இல்லை, அதுதான். இரண்டே முக்கால் வருஷத்தில் அவள் கூப்பிட்டு நான் என்ன என்று கேட்காத நேரம் கிடையாது, தூக்கத்திலும் வாய் தானாகத் திறக்கும். வீட்டில் பழகும்போது அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். அவள் அம்மா என்பாள், நான் ஊதிக்கொண்டே பாதத்தால் தரையை இரண்டு தடவை தட்டுவேன். டொக் டொக். இருக்கேன் என்று அர்த்தம். அவளுக்கு அது போதும், பொம்மையோடு போய்விடுவாள். ஷூஷான் முந்தாநாள் கறாராகச் சொல்லிவிட்டாள், அங்கே அந்தக் கால் வேலை கூடாது, இந்தப் பாட்டுக்குத் தாளம் கிடையாது, தம் பிடிப்பவர் கல் மாதிரி இருக்கணும், காலைத் தட்டினால் பழகாதவள் என்று எழுதிவிடுவார்கள். சரி, கல்லாகவே இருக்கிறேன், இரண்டு பாதத்தையும் நாற்காலிக் காலுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கிறேன். சேர், தள்ளு, இழு. சீவாளி திறக்கிறது, தெரிகிறது, உதட்டை இன்னும் கொஞ்சம் அமுக்கு. ஷூஷான் ஏறப்போகிறாள், மூன்றாம் சுற்று, இந்தப் பாட்டிலேயே உயரமான இடம், படி படியாக ஏறி உச்சியில் ஒரு கணம் நின்று அப்படியே சரிந்து வரணும், வீட்டில் நூறு தடவை சரிந்திருக்கிறாள், ஒரு தடவைகூடத் தப்பவில்லை, ஏறுகிறாள், கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றுகிறார், ஏறுகிறாள், நின்றுவிட்டாள். நின்றுவிட்டாள். உச்சியில் இல்லை, அதற்கு ஒரு படி கீழே, காற்று மட்டும் புஸ் என்று போகிறது, டுடுக் அவள் உதட்டை விட்டு விலகுகிறது. ஹாலில் என் ஸ்வரம் மட்டும் இருக்கிறது. தனியாக. பயந்துவிட்டாள், பார்க்காமலே தெரிகிறது. நான் நிறுத்தணுமா. நிறுத்த மாட்டேன், அவள் குழலை மடிக்கு இறக்குகிறவரை ஊதணும் என்றுதான் பேச்சு, அவள் இன்னும் இறக்கவில்லை, பாதியில் பிடித்திருக்கிறாள். பேனாக்காரன் எதையோ எழுதக் குனிகிறான். எழுதாதே தம்பி, பாட்டு முடியவில்லை, தம் நிற்கிற மட்டும் பாட்டு நிற்கவில்லை, அடுப்பு அணையாத மட்டும் சோறு வேகும். சேர், தள்ளு, இழு. அந்த மௌனத்துக்குள்ளே, என் ஸ்வரத்தைத் தவிர ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், மூன்றாவது வரிசையிலிருந்து, "அம்மா." வாய் திறக்கப் போனது. சத்தியமாகத் திறக்கப் போனது, உதடு பாதி தளர்ந்துவிட்டது, ஸ்வரம் ஒரு ஆட்டம் ஆடியது, கவ்விப் பிடித்தேன். "அம்மா." இவர் உஷ் உஷ் என்கிறார். "அம்மாஆ." நாற்காலிக்குப் பின்னால் இருந்த வலது பாதம் என்னைக் கேட்காமலே முன்னால் வந்தது. டொக் டொக். மரத்தரை, நல்ல சத்தம். இருக்கேன். தனு அடங்கினாள். பக்கத்தில் ஷூஷானும் தலையைத் தூக்கினாள். ஒரு வருஷமாக அந்தத் தட்டை அவளும்தானே கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும்தானே. மூக்கால் ஒரு நீள மூச்சு இழுத்தாள், டுடுக் உதட்டுக்குப் போனது, விட்ட படியிலேயே கால் வைத்து, ஒன்று, உச்சி.

சரிகிறாள், அப்படியொரு சரிவை வீட்டில்கூட நான் கேட்டதில்லை, விழுந்து எழுந்தவளின் சரிவு, கண்ணாடிக்காரர் கழற்றிய கண்ணாடியைக் கையிலேயே வைத்திருக்கிறார். எனக்கு உதடு மரத்துவிட்டது, கன்னம் இரண்டும் சுடுகிறது, அடைத்த மூக்கு எப்போது திறந்ததோ தெரியவில்லை, காற்று தாராளமாக வருகிறது, இன்னும் ஏழு நிமிஷம் பிடி என்றாலும் பிடிப்பேன், உலை கொதித்துக் கஞ்சி வடிக்கிறவரை பிடிப்பேன். கீழே வருகிறாள், இன்னும் கீழே, என் ஸ்வரத்தின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டாள், இரண்டும் ஒன்று, அவள் விட்டுவிட்டாள். பாட்டு முடிந்தது. நான் முடிக்கக் கூடாது. அவள் குழலை இறக்கணும். அவள் இறக்கவில்லை, பிடித்துக்கொண்டே இருக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு என் ஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், கேள் ஷூஷான் ஜான், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேள். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று போகிறது. மெதுவாக, மெதுவாக, மடிக்கு இறக்குகிறாள். நிறுத்தினேன். யார் முதலில் பேசணுமோ எனக்குத் தெரியாது, எனக்குக் கடன் ஒன்று இருந்தது, ஹாலில் அத்தனை பேருக்கும் முன்னால் மூன்றாவது வரிசையைப் பார்த்துக் கேட்டேன், "என்னம்மா?" "ஒன்னுக்கு" என்றாள் தனு, தெளிவாக. பச்சைச் சால்வை அம்மா ஷூஷானிடம் குழந்தை என்ன சொல்கிறது என்று கேட்டாள். ஷூஷானுக்குத் தமிழில் மொத்தம் மூன்று வார்த்தைதான் தெரியும், வேணாம், தண்ணி, ஒன்னுக்கு, மூன்றும் தனுவிடம் படித்தது. கண்ணீர் வழிகிற முகத்தோடு வாத்தியார் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து அதை மொழிபெயர்த்தாள். பேனாக்காரன் சத்தமாகவே சிரித்துவிட்டான். கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் என் வலது பாதத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், கையை நீட்டிக் கதவைக் காட்டினார். "வெளியே போய் இடது பக்கம், கடைசிக் கதவு," என்றார். பிறகு ஷூஷானையும் சேர்த்துப் பார்த்தார். "நீங்கள் இரண்டு பேரும் அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அப்புறம் அங்கே வரிசை நிற்கும்." நான் சீவாளியைக் கழற்றிக் கவ்வியைப் போட்டு ஷூஷான் மடியில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் ஓடினேன்.